தலைமதகைத் தேடி

முடக்குவாதத்தின் வரலாறு – பதினோராம் பகுதி

கார்ட்டிசோனின் கீர்த்தியையும் அதன் வீழ்ச்சியையும் சென்ற பகுதியில் கண்டோம். 1948ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர் போட்ட ஊசியினால், படுக்கையில் புரண்டு படுப்பதற்கும் பிறர் கையை எதிர்பார்த்திருந்த ஒரு பெண்மணி ஒரு வாரத்துக்குள் எழுந்து நடந்து கடைவீதிக்கும் போய் வந்தாள் என்பதும், அந்த அற்புதத்துக்காக 1950இல் ஹென்ச்சுக்கும் ரசாயன நிபுணர் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது என்பதும், ஆனால் சில ஆண்டுகள் செல்வதற்குள் அதே ஊசியே முகத்தை உப்பச் செய்து, எலும்பை மெலியச் செய்து, தொற்றுநோய்களுக்கு வாசலைத் திறந்துவிட்டது என்பதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அந்த அனுபவத்திலிருந்து மருத்துவ உலகம் கற்ற பாடம் ஒன்று உண்டு. மூட்டில் மூளும் அழற்சியை அணைக்க முடியும் என்பது ருசுவாகிவிட்டது. ஆனால் கார்ட்டிசோன் சரீரம் முழுவதையும் ஒரே போர்வையால் மூடி அணைக்கிறதே தவிர, அந்த அழற்சி எதனால் மூள்கிறது என்று சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கு விடை காண இன்னும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த விடை கிடைத்த கதையே இந்தப் பகுதி.

முடக்குவாதம் கொண்ட மூட்டுக்குள் நடப்பது என்ன என்பதை முதலில் சற்று நெருங்கிப் பார்த்துவிடுவது நல்லது. ஆரோக்கியமான மூட்டின் உட்சவ்வு மிக மெல்லியது. ஒன்றிரண்டு அணு வரிசைக்கு மேல் கனம் இராது. எலும்புகள் உராயாமல் வழுக்கிச் செல்ல வேண்டிய திரவத்தைச் சுரந்துகொண்டு, இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதே அதன் சுபாவம். இந்த வியாதியிலோ அந்தச் சவ்வு தடித்து, மடிப்பு மடிப்பாய்ப் புடைத்து, புதுப்புது ரத்த நாளங்களை வரவழைத்துக்கொண்டு, வெள்ளை அணுக்கள் வந்து குடியேறும் இடமாக மாறிவிடுகிறது. பிறகு அது தன் எல்லையைத் தாண்டி வழவழப்பான குருத்தெலும்பின் மீது படர்ந்து அதைக் கரைக்கத் தொடங்குகிறது. எலும்பின் ஓரங்களையும் அரிக்கிறது. விரல் கணுக்களில் தொடங்கி மணிக்கட்டு, முழங்கால், பாதம் என்று இரு பக்கமும் ஒன்றுபோல் பரவும் இந்த உபாதை, ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பீடிக்கிறது. காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாமல், காபித் தம்ளரைப் பிடிப்பதற்கும் ஒரு மணி இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருப்பவர்களை நம்மில் பலரும் கண்டிருப்போம்.

இவ்வளவு சேதத்தையும் செய்வது எது? கிருமி என்று ஒரு காலத்தில் நம்பினார்கள்; தேடித் தேடிப் பார்த்தும் அகப்படவில்லை. ரத்தத்தில் ருமட்டாய்டு காரணி என்ற ஒரு விசித்திரமான எதிர்ப்பொருள் இருப்பதை நார்வே நாட்டு எரிக் வாலர் 1940இல் வெளியிட்டார். அது வியாதியை அடையாளம் காண உதவிற்று, வியாதியை விளக்கவில்லை. இன்று எந்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாலும் எழுதிக் கொடுக்கும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்னும் இரண்டும்கூட, அழற்சி எவ்வளவு என்று அளந்து சொல்லுமே ஒழிய, யார் செய்தது என்று சொல்லமாட்டா. சி.ஆர்.பி. என்பது கல்லீரல் தயாரித்து அனுப்பும் ஒரு புரதம். எங்கோ ஒரு மூட்டில் நடக்கும் கலவரத்தைப் பற்றிக் கல்லீரலுக்கு யாரோ செய்தி அனுப்புகிறார்கள் என்பது அதிலிருந்தே விளங்கவில்லையா? அந்தச் செய்தி கொண்டு செல்பவை, சைட்டோகைன் என்று பொதுப்பெயர் பெற்ற சிறு புரதங்கள். ஓர் அணு அதைச் சுரக்கும். பக்கத்து அணு அதை வாங்கிக்கொண்டு வீக்கத்தை உண்டாக்கும், அல்லது தானும் வேறொரு புரதத்தைச் சுரக்கும். மிகச் சொற்ப அளவிலேயே பெரிய காரியங்களைச் சாதிக்கும் சக்தி இவற்றுக்கு உண்டு.

நமது கதையில் பிரதான பாத்திரமாக வரப்போகும் டி.என்.எஃப். என்னும் புரதம், முதலில் மூட்டுநோயோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், புற்றுநோய் ஆராய்ச்சியில் பிறந்தது என்பதே ஒரு வேடிக்கை. நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர் 1890களில், கடுமையான தோல் தொற்று வந்த ஒரு நோயாளிக்குப் புற்றுக்கட்டி தானே கரைந்துபோனதை அறிந்து, பாக்டீரியாவையே மருந்தாக ஊசி போட்டுப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியாது. அதே நகரின் ஸ்லோன் கெட்டரிங் ஆராய்ச்சி நிலையத்தில், 1975இல், லாயிட் ஓல்டும் எலிசபெத் கார்ஸ்வெல் முதலிய சகாக்களும் அந்த மர்மத்தை ஒருவாறு அவிழ்த்தனர். எலிகளுக்கு முதலில் பி.சி.ஜி. கிருமியைச் செலுத்தி (நம் நாட்டில் பிறந்த குழந்தையின் தோளில் போடுகிறோமே, அதே பி.சி.ஜி. தான்), பின்னர் பாக்டீரியா நஞ்சையும் செலுத்தி, அந்த எலிகளின் சீரத்தை எடுத்துப் பார்த்தபோது, கட்டிகளை அழுகச் செய்யும் ஒரு பொருள் அதில் இருந்தது. அந்தக் குணத்தை வைத்தே, கட்டியை அழுகச் செய்யும் காரணி என்னும் பொருளில், அதற்கு டி.என்.எஃப். என்று பெயரும் இட்டார்கள்.

மறுபுறத்தில், ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆந்தனி செராமி என்பவர், ஆப்பிரிக்கக் கால்நடைகள் ஒட்டுண்ணி நோயால் எலும்பும் தோலுமாய் மெலிந்துபோவது எதனால் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரும் புரூஸ் பியூட்லரும் பிரித்தெடுத்த மெலிவுப் புரதமும், ஓல்டு கண்ட கட்டியழிப்புப் புரதமும் ஒன்றேதான் என்று 1985இல் தெரியவந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனத்தார் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்து, வேண்டிய அளவு தயாரிக்கும் வழியைக் கண்டிருந்தனர். புற்றுநோய்க்கு மருந்தாகும் என்று ஆவலோடு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியுமே மிஞ்சின. மருந்து என்று எண்ணியது விஷமாக இருந்தது. ஆகவே, அதைக் கொடுப்பதைக் காட்டிலும் தடுப்பதே புத்திசாலித்தனம் என்று சிலருக்குத் தோன்றிற்று. ஆனால் அப்படி எண்ணியவர்களின் கண் முழுவதும், ரத்தம் நஞ்சாகி நோயாளி சில நாட்களில் மடிந்துபோகும் கொடிய நிலையின் மேல்தான் இருந்ததே தவிர, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல முடக்கும் மூட்டுநோயின் மேல் இல்லை.

இனி லண்டனுக்குச் செல்வோம். நகரின் மேற்கே ஹாமர்ஸ்மித் என்னும் பேட்டையில், மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் வியாபாரக் குடும்பத்தில் பிறந்த மெடில்டா கென்னடி, அவர் கணவர் ஆகியோரின் நன்கொடையால் 1960களில் எழுந்த கென்னடி மூட்டுநோய் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அதன் அருகே சேரிங் கிராஸ் மருத்துவமனை. சேரிங் கிராஸ் என்ற இடத்தை விட்டு இங்கே குடிபெயர்ந்த பின்னும் பழைய பெயரை விடாமல் வைத்துக்கொண்டது. அங்கே 1980களின் மத்தியில் இருவர் கூட்டுச் சேர்ந்தனர். ஒருவர் ரவீந்தர் மைனி. 1937இல் பஞ்சாபில் லூதியானாவில் பிறந்தவர். தந்தை உகாண்டாவின் பொதுவாழ்வில் பெயர் பெற்றவர். கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் படித்து, மூட்டுநோய் வைத்தியத்தையே தொழிலாகக் கொண்டவர். மற்றவர் மார்க் ஃபெல்ட்மன். 1944இல் போர் நடுவே லுவோவ் நகரில் பிறந்து, குடும்பத்தோடு பிரான்சுக்கும் பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் சென்று, மெல்போர்னில் மருத்துவமும் நோய் எதிர்ப்பு சாஸ்திரமும் பயின்று, லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். ஒருவருக்கு நோயாளிகளைத் தெரியும். மற்றவருக்கு அணுக்களைத் தெரியும். விஞ்ஞான வரலாற்றில் இத்தகைய கூட்டுகள் பெரும்பாலும் இரண்டு வருஷத்தில் மனஸ்தாபத்தில் முடிவதுண்டு. இந்தக் கூட்டோ பல்லாண்டுகள் நீடித்தது.

ஃபெல்ட்மன் ஆரம்பத்தில் தைராய்டு நோயைப் பற்றித்தான் சிந்தித்துக்கொண்டிருந்தார். சரீரம் தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்களில், தாக்கப்படும் இடத்திலேயே சுரக்கும் சைட்டோகைன்கள் அந்தத் தாக்குதலை ஓயவிடாமல் நடத்துகின்றன என்பது 1983இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட அனுமானத்தின் சாரம். அதை எந்த நோயில் வைத்துச் சோதிப்பது? மூளையையோ கணையத்தையோ அறுத்து எடுத்துப் பார்க்க முடியாது. ஆனால் முடக்குவாதத்தில், நோய் முற்றி முழங்கால் மாற்றுச் சிகிச்சைக்கு வருபவர்களின் மூட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படும் சவ்வு, குப்பைக்குப் போகிற பொருள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். இந்தச் சௌகரியமே ஃபெல்ட்மனை மைனியிடம் கொண்டுவந்தது என்று சொல்லலாம்.

அந்தச் சவ்வை என்ன செய்தார்கள் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அறுவை அரங்கிலிருந்து புதிதாக வந்த சவ்வைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, பிணைப்பை அறுக்கும் நொதியில் ஊறவைத்து, அணுக்களைத் தனித்தனியே பிரித்து, ஊட்டச்சத்து நிறைந்த திரவத்தோடு சிறு குழிகள் கொண்ட தட்டுகளில் இட்டு, உடல் வெப்பத்திலேயே வைத்திருந்தார்கள். சாதாரணமாக அணுக்களை இப்படி உடலை விட்டு வெளியே கொண்டுவந்தால், வெளியிலிருந்து ஏதாவது தூண்டுதல் கொடுத்தாலன்றி அவை எதையும் சுரப்பதில்லை. சுரந்தாலும் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் முடக்குவாத மூட்டின் அணுக்களோ, யாரும் தூண்டாமலேயே, ஒரு நாள் அன்று, ஐந்தாறு நாட்கள் வரை, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 என்று அழற்சிப் புரதங்களை ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தன. உடலுக்குள் நடந்துகொண்டிருந்த கலகம், தட்டுக்குள்ளும் அப்படியே நடந்துகொண்டிருந்தது. அந்தத் தட்டை ஒரு சிறிய மூட்டாகவே பாவிக்கலாம் என்ற தைரியம் அவர்களுக்கு அப்போதுதான் உண்டாயிற்று.

அந்தக் காலத்தில் குற்றவாளியாகப் பெரும்பாலோர் கருதியது இன்டர்லூக்கின்-1ஐத்தான். அதற்கு நியாயமும் இருந்தது. குருத்தெலும்பைக் கரைக்கத் தூண்டும் ஒரு பொருளைப் பன்றியின் வெள்ளை அணுக்களிலிருந்து ஜெரமி சக்லத்வாலா என்பவர் கேம்பிரிட்ஜில் பிரித்தெடுத்தபோது, அது இன்டர்லூக்கின்-1 என்றே தெரியவந்தது. அதே சக்லத்வாலா, டி.என்.எஃப்.பும் குருத்தெலும்பைக் கரைக்கவல்லது என்று 1986இல் காட்டியிருந்தார். ஆக ஒரு குற்றத்துக்கு இரண்டு பேர். மற்ற புரதங்களையும் சேர்த்தால் ஒரு கூட்டமே உண்டு. மருந்துக் கம்பெனிகளும் பல விஞ்ஞானிகளும் இதைக் காட்டியே கையை விரித்தார்கள். ஒரே வேலையைப் பத்துப் புரதங்கள் செய்கிறபோது, ஒன்றைத் தடுத்தால் மற்ற ஒன்பதும் அந்த இடத்தை நிரப்பிவிடாவா என்பது அவர்கள் கேட்ட கேள்வி. கேட்பதற்கு மறுக்க முடியாத தர்க்கம்போல் இருக்கிறது. ஆனால் அந்தத் தர்க்கம், எல்லாப் புரதங்களும் ஒன்றுக்கொன்று சமமாய், தனித்தனியே வேலை செய்கின்றன என்ற ஊகத்தின் மேல் நின்றது. அந்த ஊகத்தை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

சோதித்தவர் ஃபெல்ட்மன், மைனி கூட்டத்தைச் சேர்ந்த ஃபியோனுலா பிரென்னன் என்னும் இளம் பெண் விஞ்ஞானி. அவர் செய்த சோதனை எளிமையானது. அந்த எளிமையே அதன் பெருமை. மூட்டு அணுக்கள் உள்ள தட்டில் டி.என்.எஃப்.பை மட்டும் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்தார். சில நாட்கள் கழித்து, டி.என்.எஃப்.பை அளக்கவில்லை, இன்டர்லூக்கின்-1 எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார். அது கணிசமாகக் குறைந்திருந்தது. டி.என்.எஃப்.புக்கு மிக நெருங்கிய உறவான லிம்ஃபோடாக்சின் என்னும் புரதத்தைத் தடுத்துப் பார்த்தபோது அப்படி எதுவும் நிகழவில்லை. 1989 ஜூலை மாதத்தில் லான்செட் பத்திரிகையில் இது வெளியாயிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் அதே கூட்டத்தார், டி.என்.எஃப்.பைத் தடுத்தால் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 ஆகியவையும் தாழ்கின்றன என்றும், மாறாக இன்டர்லூக்கின்-1ஐத் தடுத்தால் டி.என்.எஃப். தாழ்வதில்லை என்றும் காட்டினார்கள். பாசன வாய்க்கால்கள் பத்தாகப் பிரிந்து ஓடினாலும் தண்ணீர் வருவது ஒரே தலைமதகின் வழியாக என்றால், ஒவ்வொரு வாய்க்காலாக அடைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை அல்லவா? எத்தனை புரதங்கள் என்ற எண்ணிக்கையை விட்டு, எது எதை ஏவுகிறது என்ற வரிசையைக் கேட்டதில்தான் இந்தச் சரித்திரத்தின் திருப்பம் இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தட்டில் கேட்டுப் பதில் வாங்கியவர் பிரென்னன். பின்னாளில் வந்த பெரிய பரிசுகளின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 2012இல் அவர் காலமானார்.

தட்டில் நடந்தது உடலில் நடக்குமா என்பது அடுத்த சந்தேகம். மாட்டுக் குருத்தெலும்பின் கொலாஜன் புரதத்தை ஊசிபோட்டு எலிகளுக்கு மூட்டுவீக்கம் உண்டாக்கும் முறை அப்போதே இருந்தது. அதே கூட்டத்தைச் சேர்ந்த ரிச்சர்டு வில்லியம்ஸ் என்பவர் அந்த எலிகளுக்கு டி.என்.எஃப். எதிர்ப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார். அதுவும் நோய் வந்த பிறகு கொடுத்தார், வருமுன் அல்ல. வீக்கம் தணிந்தது, எலும்புச் சேதமும் குறைந்தது. 1992இல் அந்த முடிவு அச்சாயிற்று. ஏதென்ஸ் நகரில் ஜார்ஜ் கோலியஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்திலோ, மனித டி.என்.எஃப். மரபணுவை எலிக்குள் புகுத்தி அளவுக்கு மீறிச் சுரக்கவைத்தபோது, அந்த எலிகளுக்கு வேறு எந்தத் தூண்டுதலும் இல்லாமலே மூட்டுகள் வீங்கி முடங்கின என்று 1991இலேயே கண்டிருந்தார்கள். இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

இனி மனிதன். அதற்கு வேண்டியது, மனித டி.என்.எஃப்.பைக் குறிபார்த்துப் பிடிக்கும் ஒரே வார்ப்பான எதிர்ப்பொருள். அத்தகைய எதிர்ப்பொருள்களைச் செய்யும் கலையைக் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் கண்டுபிடித்திருந்தனர். பிராட்டிஸ்லாவாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்து குடியேறிய யான் வில்செக் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த எலி எதிர்ப்பொருளின் பெரும்பகுதியை மனிதப் புரதமாக மாற்றியமைத்து, சென்டோகார் என்னும் அமெரிக்கக் கம்பெனி ஒரு மருந்தைத் தயாராக வைத்திருந்தது. ஆனால் அது தயாரானது மூட்டுநோய்க்காக அன்று, ரத்தம் நஞ்சாகும் நிலைக்காக. அந்த நோயில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அந்தக் கம்பெனியின் வேறொரு மருந்தையும் 1992இல் அமெரிக்க அரசு ஏற்காமல் இன்னொரு சோதனை கேட்டுத் திருப்பிவிட, கம்பெனியே ஆட்டங்கண்டது. அங்கே விஞ்ஞானப் பிரிவின் தலைமையில் இருந்த ஜேம்ஸ் வுடி, முன்பு லண்டனில் ஃபெல்ட்மனிடம் பயின்ற மாணவர். மற்றக் கம்பெனிகள் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு யோசனையைப் பழைய ஆசிரியர் என்ற பாத்தியதையில் இவர் காது கொடுத்துக் கேட்டார், மருந்தையும் அனுப்பிவைத்தார். பெரிய கண்டுபிடிப்புகள் நிறைவேறுவதில் தர்க்கத்துக்கு எவ்வளவு பங்கோ, பழக்கத்துக்கும் பரிச்சயத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டென்பது என் அபிப்பிராயம்.

1992இல், சேரிங் கிராஸ் மருத்துவமனையில், வழக்கமான மருந்துகள் எதற்கும் மசியாத இருபது நோயாளிகளுக்கு இரண்டு வார காலத்தில் அந்த எதிர்ப்பொருள் நரம்பு வழியாக ஏற்றப்பட்டது. எலிப்புரதம் கலந்த ஒன்றை முதன்முதலாக மூட்டுநோயாளிகளின் ரத்தத்தில் செலுத்துகிறபோது மருத்துவர்களுக்கு நெஞ்சு படபடத்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. மூட்டு வீக்கம் வற்றுவதற்கு முன்னமே, ஓரிரு நாட்களிலேயே, பல வருஷங்களாய் உடம்பை அழுத்திக்கொண்டிருந்த களைப்பு நீங்கிவிட்டதென்று நோயாளிகள் சொல்லத் தொடங்கினார்கள். அதன் பின் ஆறு வாரங்களில் நிகழ்ந்ததை எண்களே சொல்லும்: வீங்கிய மூட்டுகளின் நடுவளவு 18இலிருந்து 5ஆக இறங்கியது, சி.ஆர்.பி.யின் நடுவளவு லிட்டருக்கு 39.5 மில்லிகிராமிலிருந்து 8ஆக இறங்கியது. மணிக்கணக்கில் நீடித்த காலை விறைப்பு நிமிடக்கணக்குக்கு வந்தது. எலியட் என்னும் மருத்துவரை முதல் ஆசிரியராகக் கொண்டு 1993இல் இது பிரசுரமாயிற்று.

ஆனால் மருந்து தீர்ந்ததும், சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் நோய் திரும்பி வந்தது. ஒரு வகையில் பார்த்தால் அது ஏமாற்றம். விஞ்ஞானத்தின் கண்கொண்டு பார்த்தால் அதுவே நிரூபணம். ஏனெனில், திரும்பி வந்தவர்களில் எட்டுப் பேருக்கு மறுபடியும் மருந்தை ஏற்றியபோது மறுபடியும் குணம் தெரிந்தது. தடுத்தால் தணிகிறது, விட்டால் மூள்கிறது, திரும்பத் தடுத்தால் திரும்பத் தணிகிறது என்பதற்கு மேல் காரண காரியத் தொடர்புக்கு வேறென்ன சாட்சியம் வேண்டும்?

வேண்டும் என்றுதான் சந்தேகப்பிராணிகள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் சரியே. ஹென்ச்சின் காலத்து ஆரவாரத்தை மருத்துவ உலகம் மறந்திருக்கவில்லை. மருந்து எது, போலி எது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல், வாங்குபவருக்கும் தெரியாமல் நடத்தும் சோதனையே இறுதியான தீர்ப்பு. லண்டன், வியன்னா, எர்லாங்கன், லைடன் ஆகிய நான்கு நகரங்களில் 73 பேரை வைத்து அது நடந்தது. நான்கு வாரம் கழித்து உறையைப் பிரித்துப் பார்த்தால், போலி மருந்து பெற்ற 24 பேரில் 2 பேருக்கே குணம். சிறிய அளவு மருந்து பெற்ற 25 பேரில் 11 பேருக்குக் குணம். பெரிய அளவு பெற்ற 24 பேரில் 19 பேருக்குக் குணம். 1994 அக்டோபரில் லான்செட்டில் இந்த முடிவு வந்த பிறகு, கையை விரித்த கம்பெனிகள் கையை நீட்டத் தொடங்கின.

தொடர்ந்து கொடுக்கும்போது வேறொரு தடங்கல் தலைகாட்டிற்று. எலிப்புரதத்தின் எச்சத்தை அடையாளம் கண்டுகொண்ட சரீரம், மருந்துக்கே எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்கியது. பலன் நீடிக்கும் காலம் குறைந்துகொண்டே வந்தது. இதற்கு மைனி கண்ட பரிகாரம், முடக்குவாதத்துக்கு ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையையும் வாரம் ஒரு முறை சேர்த்துக் கொடுப்பது. இரண்டும் சேர்ந்தபோது ஒன்றுக்கொன்று துணையாக நின்றன. இந்த மெத்தோட்ரெக்ஸேட் வரலாற்றில் நம் ஊருக்கும் ஓர் இழை உண்டு: அதையும் அதன் முன்னோடியான மருந்தையும் 1940களில் தயாரித்த அமெரிக்க லெடர்லே ஆய்வுக்கூடத்தின் தலைமையில் இருந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். ரத்தப் புற்றுநோய்க்காக அவர் கூட்டத்தார் செய்தது, அவர் 1948இல் மறைந்து பல்லாண்டுகள் சென்றபின், மூட்டுநோய்க்கு அஸ்திவாரமான மருந்தாயிற்று. 428 நோயாளிகளைக் கொண்ட பெரிய சோதனை ஒன்றில், இரு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு வலி தணிந்தது மட்டுமல்லாமல், எக்ஸ்ரே படங்களில் எலும்பரிப்பும் பெரும்பாலும் நின்றுபோனது தெரிந்தது. கார்ட்டிசோன் உட்பட முந்தைய மருந்துகள் எதுவும் இவ்வளவு திட்டமாக இதைக் காட்டியதில்லை.

இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற பெயரோடு அந்த மருந்து 1999இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது; அதற்கு ஓராண்டு முன்னரே, டி.என்.எஃப்.பை வேறு விதமாகப் பிடிக்கும் எட்டனர்செப்ட் அனுமதி பெற்றிருந்தது. 2002இன் கடைசி நாளன்று அடலிமுமாப் வந்தது. இந்த மூன்றாவது மருந்து பின்னர் ஆண்டுக்கு இரண்டாயிரம் கோடி டாலருக்கு மேல் விற்று, உலகிலேயே அதிகம் விற்பனையான மருந்து என்ற ஸ்தானத்தில் பல வருஷங்கள் இருந்தது. நோயாளியின் நிலையிலிருந்து பார்த்தால் அது பெருமைப்படத் தக்க விஷயமா என்பது சந்தேகமே. நம் நாட்டில் 2014 டிசம்பரில் அதே மருந்தின் ஒப்புமை வடிவத்தை ஓர் இந்தியக் கம்பெனி உலகத்திலேயே முதலாவதாகக் குறைந்த விலையில் கொண்டுவந்தது. ஆயினும் நடுத்தரக் குடும்பத்துக்கு இன்றும் அது எட்டிப் பிடிக்க வேண்டிய விலைதான்.

ஆபத்தும் உடன் வந்தது. டி.என்.எஃப். நமக்குத் தீங்கு செய்வதற்கென்றே படைக்கப்பட்ட பொருள் அல்ல. காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் புகுந்தால், வெள்ளை அணுக்கள் அதைச் சுற்றி அரண் கட்டிச் சிறைவைக்கின்றன. அந்த அரண் இடியாமல் நிற்பதற்கு டி.என்.எஃப். இன்றியமையாதது. மருந்தால் அதைத் தடுத்தபோது, ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்த கிருமி வெளியே வந்தது. இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்த செய்தி 2001இல் வெளியாயிற்று. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது நுரையீரலைத் தாண்டி வேறு உறுப்புகளில் வந்திருந்தது. இதில் விதியின் விளையாட்டு ஒன்றைக் கவனியுங்கள். முடக்குவாதமும் காசநோயும் உறவு என்று தவறாக எண்ணித்தான் பிரான்சில் ஜாக் ஃபோரெஸ்டியே 1929இல் மூட்டுநோய்க்குத் தங்க உப்பு ஊசி போட்டார். எண்ணம் பிழையாயினும் ஊசி ஓரளவு பலித்தது. எழுபது ஆண்டுகள் கழித்து, சரியான காரணத்தைக் கண்டு செய்த மருந்தே காசநோயை எழுப்பிவிட்டது. இதனால்தான் இன்று இந்த ஊசியைத் தொடங்கும் முன், மார்பு எக்ஸ்ரேயும், உறங்கும் காசநோயைக் கண்டறியும் தோல் சோதனையோ ரத்தச் சோதனையோ கட்டாயம் செய்கிறார்கள். காசநோய் மலிந்த நம் நாட்டில், அந்தச் சோதனையைச் செய்யாமல் ஊசிக்குக் கையை நீட்டுவது எவ்வகையிலும் தகாது.

ஃபெல்ட்மனுக்கும் மைனிக்கும் 2000இல் கிராஃபோர்டு பரிசும் 2003இல் லாஸ்கர் பரிசும் கிடைத்தன. ஆயினும் அவர்கள் கண்ட தலைமதகு எல்லா வயலுக்கும் ஒன்றே அன்று என்பது போகப் போகத் தெரிந்தது. டி.என்.எஃப்.பைத் தடுத்தும் போதிய குணம் காணாதவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். ஒருகாலத்தில் பெரிய குற்றவாளியாகக் கருதப்பட்ட இன்டர்லூக்கின்-1க்கு எதிரான மருந்து 2001இல் வந்தபோது, முடக்குவாதத்தில் அது சாதித்தது சொற்பமே. டி.என்.எஃப். தடுப்புக்கு மசியாதவர்களுக்கு வழி பிறந்தது ஜப்பானிலிருந்து. ஒசாகா நகரில் தடமித்சு கிஷிமோட்டோ என்பவர் இன்டர்லூக்கின்-6இன் மரபணுவை 1986இல் பிரித்தெடுத்த வரலாறும், கல்லீரலுக்குச் செய்தி அனுப்பி சி.ஆர்.பி.யை ஏற்றுவது அந்தப் புரதமே என்று தெரிந்த விதமும், அதைத் தடுக்கும் மருந்து 2008இல் ஜப்பானிய முடக்குவாத நோயாளிகளுக்கு அனுமதிக்கப்பட்ட கதையும் அடுத்த பகுதியில் வரும்.

(தொடரும்)